பதினொரு மணி பஸ்ஸுக்குள் ஒரு போணி

எட்டு சைக்கிளையும் தொடச்சாச்சு. இனிமே தொடச்சா பெயிண்டுதான் கையோட வரும், போதும் ஆவுடை, துணியக் கீழ போட்டுட்டு உக்காரு. வாடகை சைக்கிள யாராவது இப்பிடிப் பொண்ணு பாக்க வாரவுகளுக்குச் சோடிச்ச மாதிரி நிறுத்துவாகளா, வாரவன் மிரண்டு திரும்பிருவான். வந்தால்லா திரும்புறதுக்கு. கடையத் தொறந்து, விளக்கேத்தி, ஊதுபத்தி கொளுத்தி, அந்த ஊதுபத்தியும் எரிஞ்சு சாம்பலாப் போச்சு, ஒரு காக்கா குருவி வாசல்ல ஏறல. ஆடிக் காத்து மட்டும் தாராளமா வந்து போகுது, காசு குடுக்காத வாடிக்கை. எதுத்தாப்புல மைதீன் பிச்சை அண்ணாச்சி தையக்கடைச் சுவத்துல கடியாரம், இங்கருந்து பாத்தாலே முள்ளு தெரியும், ஒம்பதே முக்கால். பதினொரு மணிக்கு பஸ் வந்துரும். பஸ்ஸுல கொழுந்தன் வருவாரு, கூடவே டவுன்ல பழைய சைக்கிள் வாங்குத ஆளையும் கூட்டிட்டு வருவாரு. அப்பிடித்தான் பேச்சு. போன வாரம் வந்து உக்காந்துக்கிட்டு, தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "மதினி, நான் ஒங்களக் கட்டாயப்படுத்துதேன்னு நினைக்காதீங்க. பொம்பள சைக்கிள் கடை நடத்துனா யாரு வருவா? சரி, ஒங்க ஆசைக்கு வியாழக்கிழம ஒரு நாள் தொறந்து பாருங்க. நான் பஸ்ஸ விட்டு இறங்கும்போது ஒரே ஒரு சைக்கிள் வெளிய ஓடிக்கிட்டு இருந்தாப் போதும், அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா எட்டையும் குடுத்துட்டு நீங்களும் கோமுவும் நம்ம வீட்டோட வந்துருங்க." நல்ல மனுசன்தான், பொய் சொல்லக் கூடாது, அண்ணன் செத்த பதினாறு நாளும் நேரத்துக்குச் சாப்பிடாம அலைஞ்சாரு. ஆனா அவரு வீடுன்னா அவரு மட்டுமா இருக்காரு, அது அவரு பொண்டாட்டியோட அடுப்படி. அங்க போய் நான் என்னவா இருக்கது? மாவாட்டிக்கிட்டு, "மதினி நல்லவுக, திங்கிற சோத்துக்கு வேலை பாத்துருவாக"ன்னு பக்கத்து வீட்டுல பேர் வாங்கிக்கிட்டு. கோமு அவுக பிள்ளைக போட்டுக் கழிச்ச பாவாடைய உடுத்திக்கிட்டு. ஏழு வயசுதான், ஆனா எல்லாம் தெரியும் அதுக்கு. காலைல பள்ளிக்கூடம் போகும்போது, "எம்மா, நான் மத்தியானம் சாப்பிட வரும்போது கடை இருக்கும்லா?"ன்னு கேட்டுட்டுப் போகுது. இருக்கும்னு சொல்லிட்டேன். என்ன தைரியத்துல சொன்னேனோ.

ஒரு சைக்கிள். ஒரே ஒரு ஆளு, ஒரு மணி நேரத்துக்கு, ரெண்டணா வாடகைக்கு. அவ்வளவுதான கேக்கேன். இந்தப் புளியங்கிணத்துல கால் இருக்கவன் பாதிப் பேருக்கு சைக்கிள் படிச்சுக் குடுத்ததே எங்க வீட்டுக்காரவுகதான், பின்னாடி சீட்டப் பிடிச்சுக்கிட்டு ஊருணி வரைக்கும் ஓடுவாக, விட்டுட்டேன்னு சொல்லாம விடுவாக, திரும்பிப் பாத்து அவன் விழுவான், அவுக சிரிப்பாக. முட்டியில ரத்தத்தோட வந்து நிக்கவனுக்கு மஞ்சப்பொடி நாந்தான் கொண்டுவந்து குடுக்கணும். அந்தச் சட்டையில எப்பவும் ரப்பரும் மண்ணெண்ணெயும் பஞ்சர் ஒட்டுத சொலூஷனும் கலந்த வாசம், கல்யாணமான புதுசுல எனக்குக் கொமட்டும், இப்ப இந்தக் கடைக்குள்ள உக்காந்து மூக்க உறிஞ்சி உறிஞ்சி அதத் தேடிக்கிட்டு இருக்கேன், பைத்தியக்காரி. கடைக்கு மேல போர்டுல அவுக பேருதான் போட்டிருக்கு, யாராவது வந்து கடை பேரென்னன்னு கேட்டா என்னத்தச் சொல்லுவேன், புருசன் பேரச் சொல்லக் கூடாதே, மேல பாருங்கன்னு கையக் காட்டணும், அவுகளும் மேலதான் இருக்காக. சீ, என்ன பேச்சு இது. பஞ்சர் பாக்கது எப்பிடின்னு எனக்குப் படிச்சுக் குடுக்கணும்னு அவுகளுக்கு என்ன அவசியம்? ஒரு மத்தியானம், சாப்பாடு கொண்டுவந்த என்னைய உக்கார வச்சு, "தண்ணித் தொட்டியில ட்யூப முக்குனாக் குமிழி வரும், அத எந்தக் கழுதையும் பாத்துரும். தண்ணி இல்லாத காட்டுல பஞ்சரானா என்ன செய்வ?"ன்னு கேட்டாக. நான் காட்டுக்கு எதுக்கு சைக்கிள்ல போறேன்னு கேட்டேன். "கண்ண மூடு"ன்னாக. மூடுனேன். ட்யூபக் காத்தடிச்சு என் கன்னத்துப் பக்கத்துல வச்சு மெதுவாச் சுத்துனாக. சுத்திக்கிட்டே வந்து ஒரு இடத்துல, இந்தா இங்க, தாடைக்குக் கிட்ட, துளிக் காத்து. கோமு தூங்கும்போது விடுமே மூச்சு, அவ்வளவுதான் இருக்கும். "எங்க?"ன்னாக. "இங்க"ன்னேன். "இனிமே நீ மெக்கானிக்கு"ன்னாக. பட்டப்பகல்ல, தெருவப் பாத்துக் கடை தொறந்து கிடக்கு, எனக்குன்னா மூஞ்சி எல்லாம் சூடாப் போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருசமா கடைக்குப் பின்னால உக்காந்து முக்காவாசிப் பஞ்சர் நாந்தான் ஒட்டுனேன், ஊருக்குத் தெரியாது, அவுக ஒட்டுன்னு நினைச்சு, அண்ணாச்சி ஒட்டு இரும்பு ஒட்டும்பாக, அவுக என்னையப் பாத்துக் கண்ணச் சிமிட்டுவாக. என் ஒட்டு ஒண்ணுகூடப் பிரிஞ்சதில்ல. அவுகளுக்குப் பதினொரு நாள் மஞ்சக்காமாலை, அது எங்க கசிஞ்சுதுன்னு யாரு கன்னத்துக்கும் தெரியல, நாட்டு வைத்தியரும் பாத்தாரு, டவுன் டாக்டரும் பாத்தாரு, ஒட்ட முடியல. முகம் ஞாபகம் இருக்கு. குரல்தான் கொஞ்சங்கொஞ்சமாப் போகுதோன்னு பயமா இருக்கு. கண்ண மூடுன்னு சொன்னது மட்டும் அப்பிடியே காதுல இருக்கு.

பத்து அடிச்சாச்சு. யாரு அது, துண்டத் தலையில கட்டிக்கிட்டு, கால் கடைப் பக்கமாத்தான் வருது, வருது, எம்மா வாசல்ல ஏறிட்டான், வாத்தியார் மச்சினன்லா இவன். எந்திரிக்கணுமா, உக்காந்தே இருக்கணுமா, முந்தானையச் சரி பண்ணு. "அண்ணாச்சி இல்..."ன்னு ஆரம்பிச்சுட்டான். வழக்கத்துல வந்துருச்சு பாவம். என் நெத்தியப் பாத்தான். மிச்ச வார்த்தைய அப்பிடியே முழுங்கிட்டான். "சைக்கிள் வேணுமா தம்பி, எடுத்துக்கோ, அஞ்சாம் நம்பர் லேசா ஓடும்"னு நான் சொல்லுததுக்குள்ள, "இல்லக்கா, சும்மாதான், ஒரு கல்யாணம் பேசப் போறோம், நடந்தே போயிருதேன், கிட்டத்துலதான்"னு பின்னாலயே நடந்து இறங்கிட்டான். ஆடியில எவன்ல கல்யாணம் பேசப் போறான், பொய்யச் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா! அவனத் திட்டி என்ன செய்ய. இது மளிகைக்கடைன்னாக்கூடப் பரவால்ல, வீட்டுக்குப் போற சாமான். சைக்கிள் கடைங்கது வெளிய புறப்படுத கடை. ஒவ்வொருத்தனும் எங்கயோ ஒரு காரியத்துக்குக் கிளம்புவான், கிளம்பும்போது மொதல்ல பாக்க மூஞ்சி என் மூஞ்சி. இத நான் யோசிக்கவே இல்லையே. ஒட்டத் தெரியும், காத்தடிக்கத் தெரியும், செயின் மாட்டத் தெரியும்னு எல்லாத்தையும் யோசிச்சவ, என் நெத்திய யோசிக்கலையே. நான் என்ன யோக்கியமா? மோர் விக்க வருமே பூரணத்தம்மா, புருசன் போய் இருபது வருசமாச்சு அதுக்கு, காலைல இவுக கடைக்குக் கிளம்புத நேரத்துக்குச் சரியா எதுக்க வரும். நான் உள்ளருந்து சத்தம் போடுவேன், "கொஞ்சம் உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க"ன்னு. அவுக சிரிச்சுக்கிட்டே குடிப்பாக, எனக்காக. ஒருநாள் அதுக்குக் காதுல விழுந்துட்டு. மறுநாள்லருந்து நம்ம தெருவுக்கு மோர் வாரது நின்னு போச்சு. மோர் நல்லா இருக்குமேன்னுதான் எனக்கு வருத்தம் அன்னைக்கு, வேற எதுக்கும் இல்ல. என்ன கல்லு மனசு. இப்ப அதப் பாத்தா கையப் பிடிச்சுக்கிட்டு அழணும் போல இருக்கு, ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிக்கது.

பத்தே முக்கால். காத்து ஒரு தகரத்த உருட்டிக்கிட்டுப் போகுது. பக்கத்துல சலூன்கார வேலாயுதம் கையக் கட்டிக்கிட்டு வாசல்லயே நிக்காரு, என்னையப் பாக்கதும் வானத்தப் பாக்கதுமா. அவரு நிக்கதக்கூடத் தாங்கிக்கிடுதேன். இந்த மைதீன் அண்ணாச்சியத்தான் என்னால தாங்க முடியல. ஆறு வருசமா வியாழக்கிழம தவறாம, பஞ்சுப்பேட்டை ஆலை ஆளுகளுக்குத் தச்ச காக்கிச் சட்டைய மூட்டையாக் கட்டி, நம்ம ரெண்டாம் நம்பர்ல வச்சு நாலு மைல் மிதிச்சுக் கொண்டுபோய்க் குடுக்க மனுசன். இன்னைக்கும் மூட்ட கட்டி வாசல்லதான் இருக்கு, கண்ணாலப் பாக்கேன். பன்னெண்டு மணிக்குள்ள அங்க குடுக்கணும், அதுவும் எனக்குத் தெரியும். ஒம்பதரைக்கு வெளிய வந்தாரு, மூட்டையப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, சிரிக்கவும் இல்லாம சிரிக்காமலும் இல்லாம ஒரு மாதிரி வாய அசைச்சாரு, உள்ள போயிட்டாரு. நான் ரெண்டாம் நம்பருக்குக் காத்தக்கூட அமுக்கிப் பாத்து வச்சிருக்கேன். பத்து மணிக்கு மறுபடி வந்தாரு, தெருவோட அந்த முனை வரைக்கும் பாத்தாரு, இந்த முனை வரைக்கும் பாத்தாரு, தாடியத் தடவுனாரு, உள்ள போயிட்டாரு. இந்தா இப்ப மூணாவது தடவ. செருப்புல காலு நுழைக்காரு, வாரார்னு நினைச்சு நான் பாதி எந்திரிச்சுட்டேன், செருப்பக் கழட்டுதாரு, உள்ள போறாரு. என்ன கூத்து இது! எங்க மார்க்கத்துல இந்தச் சகுனம் கிகுனம் எல்லாம் கிடையாதுன்னு அவுககிட்ட எத்தன நாள் பேசியிருக்காரு, மாப்ள மாப்ளன்னு தோள்ல கையப் போட்டுக்கிட்டு, அவுக போன அன்னைக்குப் பந்தல் போட்டதே இவருதான். இவருக்கே என் மூஞ்சி ஆகலேன்னா அப்புறம் இந்த ஊர்ல யாருக்கு ஆகும். அழுதுராத, கடையில உக்காந்து அழக் கூடாது. அழுகை வரல, இது ஆங்காரம்ல வருது. என்னைக்கும் மனசுல வச்சுப் புழுங்குத ஆளில்ல நான், எதுன்னாலும் நேருக்கு நேர் கேட்டுருவேன், அவுகளே சொல்லுவாக, ஒனக்கு நாக்கு இல்லடி, அருவாள்னு. நாலாம் நம்பர் சீட்டு உறை ஓரத்துல பிரிஞ்சு கிடக்கு, அத உருவி எடுத்தேன். எதையாவது கையில வச்சுக்கிட்டுப் போகணும்லா. முந்தானையில முடிஞ்சு வச்ச வீட்டுக் காசு ரெண்டணா இருக்கு. தெருவக் கடந்தாச்சு, காத்து சேலைய இழுக்குது, வேலாயுதம் பாக்காரு, பாக்கட்டும்.

"அண்ணாச்சி, இந்த உறை பிரிஞ்சு போச்சு. ஒரு தையல் போட்டுத் தரணும்."

நான் சொல்லி முடிக்கல, மனுசன் துள்ளி எந்திரிச்சாரு. "வாங்க தங்கச்சி, வாங்க வாங்க, குடுங்க இங்க!" என் கையிலருந்து பிடுங்காத குறை. நூலக் கோத்தாரா, மிதிச்சாரா, கடகடன்னு ஒரு ஓட்டம், திருப்பி இன்னொரு ஓட்டம், பல்லால நூலக் கடிச்சுத் துப்பி எங்கிட்ட நீட்டுதாரு. குத்தமுள்ள மனசு, அதான் இப்பிடிப் பறக்குதுன்னு நினைச்சேன். எவ்வளவுன்னு கேட்டேன். எங்க வீட்டுக்கு எதத் தச்சாலும், மாப்ளகிட்ட போய்க் காசு வாங்குவனான்னு கையத் தள்ளுத மனுசன், வாயத் தொறந்து, "ரெண்டணா குடுங்க"ன்னாரு. சரி, அதுவும் போச்சு. முடிச்ச அவுத்துக் காச எடுத்தேன், கையில குடுக்கல, மேசை ஓரத்துல வச்சேன். நேராப் பாத்துச் சொன்னேன்: "இன்னும் போணி ஆகலேன்னா இதத் தொடாதீங்க அண்ணாச்சி. வேற நல்ல கை எதாவது வந்து குடுத்தப்புறம் எடுத்துக்கிடுங்க. என் கை எதுக்கு ஒங்களுக்கு."

அவரு அதுக்குள்ள காச எடுத்து ரெண்டு கண்ணுலயும் ஒத்திட்டாரு. ஒத்துன கை அப்பிடியே நிக்குது. "என்ன கை? ஒங்க கைக்கு என்ன?" நிசமாவே புரியல அவருக்கு. என் கைய வேற உத்துப் பாக்காரு, அடிகிடி பட்டுருச்சோன்னு. "இதுதான் தங்கச்சி எனக்குப் போணியே! காலைலருந்து ஒரு பய ஏறல. ஆடியில எவன் துணி தைக்க வாரான்? சட்டப் பையில பீடியும் சீப்பும்தான் கிடக்கு, இருந்த சில்லற காலைல இங்க வந்த பஸ்ஸுக்குச் சரியாப் போச்சு. போணி ஆகாம பெட்டியில கைய வச்சுக் காச வெளிய எடுக்க முடியுமா? கடனாக் கேக்கலாம்னா, ஒங்க கடைக்கு இன்னைக்குத்தான் மொத நாள். மொத போணியே கடன்னு ஆக்கி வைக்க எனக்கு மனசு வருமா? போணி ஆகலேன்னு ஒங்க வாசல்ல வந்து நின்னு அந்தச் சொல்லச் சொல்லத்தான் வாய் வருமா? மூணு தடவ கிளம்பி மூணு தடவ உக்காந்தேன். அந்தா வேலாயுதமும் அப்பிடித்தான் முழிச்சுக்கிட்டு நிக்கான், எவனாவது தலையக் குடுத்தான்னா ஒடனே ஒங்ககிட்ட வந்து சைக்கிள் எடுக்கணும்னு."

ஐயோ ஆவுடை. கடைக்காரன் பொண்டாட்டியா நீ? பன்னெண்டு வருசம் குடித்தனம் பண்ணியிருக்கியே, போணி ஆகுததுக்கு முன்னால வெத்தலைக்குக் காசு கேட்டா அவுக சட்டைப் பைய வெளிய இழுத்துக் காட்டுவாகளே, பெட்டிப் பக்கம் திரும்ப மாட்டாகளே, ஒரு நாளா ரெண்டு நாளா? எல்லாம் தெரிஞ்சும், இந்தத் தெரு பூரா நெத்தியத்தான் பாக்குதுன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன். என் நெத்திய நாந்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். சிரிப்பும் வருது, கண்ணுல தண்ணியும் வருது. அவரு மூட்டையத் தூக்கிக்கிட்டாரு. "நீங்க மொதல்ல போய் ஒங்க இடத்துல உக்காருங்க தங்கச்சி. முறைன்னா முறையா இருக்கணும்." ஓடுனேன், உக்காந்தேன். அவரு தெருவக் கடந்து, புது ஆளு மாதிரி வாசல்ல நின்னு, தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "தங்கச்சி, ஒரு சைக்கிள் வேணும். ஒரு மணி நேரத்துக்கு"ன்னாரு. அந்தச் சதுர ரெண்டணாவ நீட்டுனாரு. ரெண்டு கையையும் ஏந்தி வாங்குனேன். கண்ணுல ஒத்துனேன், நனைஞ்சு போச்சு, அப்பிடியே பெட்டியில போட்டேன், டக்குன்னு சத்தம் கேட்டுச்சு.

பத்து அம்பத்தஞ்சு. ரெண்டாம் நம்பர வெளிய எடுத்துட்டாரு, கேரியர்ல மூட்டைய வச்சுக் கட்டுதாரு. எல்லாம் சரியாத்தான் நடக்குது, அப்பவும் எனக்குள்ள ஒண்ணு கிடந்து கிள்ளுது. காசு வேற, கிளம்புதது வேற. நாலு மைல் போறாரு, வழியில லாரி வரும், ஓடைப் பாலம் குறுகல், இந்தக் காத்து வேற தள்ளுது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? என் மூஞ்சியப் பாத்துட்டுப் போய் ஆச்சுன்னா? நானே என்னைய மன்னிக்க மாட்டேன். எந்திரிச்சு உள்பக்கமாத் திரும்பி, சுவத்துல தொங்குத பழைய டயரப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"அங்க என்ன தேடுதீங்க?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நீங்க ஏறுங்க. நீங்க முக்குத் திரும்புனப்புறம் நான் திரும்பிக்கிடுதேன்."

ஏறிட்டாரோன்னு நினைச்சா, பின்னால கடக்குன்னு ஸ்டாண்டு போடுத சத்தம். போட்டுட்டாரு. நிறுத்திட்டாரு சைக்கிள. "தங்கச்சி, இந்த முதுகப் பாத்துக்கிட்டா நான் பயணம் போகணும்? திரும்புங்க. நீங்க திரும்பாம நான் ஏற மாட்டேன். பஞ்சுப்பேட்டை ஆலைக் கதவ மூடுனாலும் சரி, மூட்டையோட இப்பிடியே நிப்பேன்." பிடிவாதக்காரரு, நிப்பாரு, எனக்குத் தெரியும். ஓடைப் பாலத்துக்கிட்ட பஸ் ஹாரன் கேக்குது. கொழுந்தன் வந்துட்டாரு. இன்னும் ரெண்டு நிமிசங்கூட இல்ல. "அண்ணாச்சி, ஏறுங்களேன், பஸ் வந்துட்டு"ன்னு டயரோட பேசுதேன் நான். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, திரும்புங்க"ன்னாரு. இந்தா பஸ் சத்தம் ஊருணிக் கரையில ஏறுது. கோமு கேட்டது. கடை இருக்கும்லா. டயர விட்டேன். திரும்புனேன். நெத்தி, கண்ணுத்தண்ணி, மூக்கு, எல்லாத்தோடயும் முழு மூஞ்சியோட வெளிச்சத்துக்கு வந்து நின்னேன். அவரு நல்லா, நிதானமா, ஒரு தடவ பாத்தாரு. "வரட்டா தங்கச்சி"ன்னாரு. ஸ்டாண்ட எடுத்தாரு, ஒரு தாவு தாவி ஏறுனாரு, பெல் அடிச்சாரு. பஸ் வந்து நிக்குத தூசிக்குள்ள அவரு முதுகு போகுது, மூட்ட போகுது, மட்காடுல வெள்ளையா எழுதுன ரெண்டு போகுது. கொழுந்தன் பஸ் படியில நின்னுக்கிட்டுத் திரும்பித் திரும்பிப் பாக்காரு. நான் வாசல்ல இறங்கி, இந்தத் தெரு இதுவரைக்கும் கேக்காத தொண்டையில சத்தம் போட்டேன்:

"பாத்துப் போயிட்டு வாங்க அண்ணாச்சி! ஒரு மணி நேரம் தாண்டுச்சுன்னா இன்னொரு ரெண்டணா!"